கீழ்ச்சொண்டு கறுப்பு

வவுனியாவிலிருந்து வந்த வாடகை வான் ஒழுங்கை முகப்பில் நின்றது. என் மனைவி சுகந்தி முதலில் இறங்கி வோக்கரை விரித்து வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு என் அக்கா பாக்கியம் இறங்கினார். இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேசன் செய்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் துணுக்காயில் இருக்கும் தன் வீட்டுக்கு வருகிறார்.

சுகந்தி தகரப் படலையைத் தள்ளினாள். பிணைச்சலுக்கு எண்ணெய் காட்டி எத்தனை வருசமோ, அது வழக்கம்போல நீளமாக ஒரு சத்தம் போட்டது.

அக்கா உள்ளே வரவில்லை. தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவர் எதைக் கேட்க நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் விறாந்தையில், தொங்கிய கிளிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கூட்டுக்குள் ஒரு பச்சைக்கிளி. கழுத்தைச் சுற்றி ரோசா நிற வளையம். வளைந்த சிவப்புச் சொண்டு. யாரைக் கேட்டாலும் அது அக்காவின் கிளிதான் என்று சொல்வார்கள்.

அது அக்காவின் கிளி இல்லை.

தண்ணீர்ப் பம்பு காற்று இழுத்தால் எப்படி உதறுமோ அப்படி என் நெஞ்சு உதறியது. முப்பது வருசமாகப் பம்பு திருத்துகிறவன் வேறு எதை உவமை சொல்ல?

விதானையார்

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்குக் காணி கிடைத்து வந்த குடும்பம். அக்கா துணுக்காய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அத்தான் பரம்பரையாக அங்கேயே இருந்த வன்னி ஆள். உயரமான மனுசன். பேச்சுக் குறைவு.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய புதிதில் அத்தானின் காணிக்குள் பத்துப் பன்னிரண்டு பனைகள் தலையில்லாமல் நின்றன. செல் விழுந்து வட்டுப் போன பனைகள். வீடு கட்டுவதற்காக அத்தான் அவற்றில் ஒன்றைத் தறித்தார். விழுந்த பனையின் பொந்துக்குள்ளிருந்து மூன்று கிளிக்குஞ்சுகள் உருண்டு வந்தன. இறகு முளைக்காத குஞ்சுகள். இரண்டு அன்றைக்கே செத்துவிட்டன.

"நாங்கள் வீடு கட்டுறதுக்கு அதுகளின்ர வீட்டை உடைச்சுப்போட்டன்" என்று அத்தான் சொன்னாராம். அக்காதான் எனக்குச் சொன்னார். மற்றக் குஞ்சைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வந்து, பயறு அவித்து மசித்து விரல் நுனியால் தீத்தி வளர்த்திருக்கிறார்.

மூன்றாம் வருசம் அதற்குக் கழுத்து வளையம் விழுந்தது. ஆண் கிளிக்கு மட்டும்தான் அது வரும். வளையம் வந்ததும் ஒரு நடையும் வந்தது. கூட்டின் தடியில் அந்தம் மட்டும் போய்த் திரும்பி, எல்லோரையும் ஒரு கண்ணால் பார்ப்பார். கிராம அலுவலர் குடும்ப அட்டை பார்க்கிறது போல இருக்கும். கிராம அலுவலரை எங்கள் பக்கத்தில் விதானையார் என்பார்கள். அதுவே பெயராகிவிட்டது.

இந்த அத்தான்தான் வயலுக்குப் போனால் கிளிக்கு வெடி கொளுத்துகிறவர். நெல் பால் பிடிக்கும் காலத்தில் கிளிக்கூட்டம் இறங்கினால் கதிரை நுனியோடு நறுக்கிக்கொண்டு போகும். தின்பது பாதி, கொட்டுவது பாதி. வரம்பில் நின்று தகரம் அடித்துத் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து விதானையாருக்கு மிளகாய்ப்பழம் ஊட்டுவார். எங்கள் பக்கத்தில் அநேகமான வீடுகளில் அப்போது இதுதான் நடந்தது. வயலில் நிற்பது கள்ளன். கூட்டில் இருப்பவர் வீட்டுக்காரர்.

மூன்று செருமல்

அத்தானிடம் ஒரு பழக்கம் இருந்தது. படலையைத் தள்ளும்போது செருமுவார். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. கிணற்றடியில் பெண்கள் யாரும் குளித்துக்கொண்டு நின்றால் துணியைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று அந்தக் காலத்து ஆண்கள் கொடுக்கும் அறிவிப்பு அது. அந்த வீட்டில் அக்காவைத் தவிரப் பெண்கள் இல்லை. பிள்ளைகளும் இல்லை. ஆனாலும் அத்தான் ஒரு நாள்கூடச் செருமாமல் உள்ளே வந்ததில்லை.

விதானையார் 'அக்கா' சொல்லப் பழகவில்லை, சுகந்தி எவ்வளவோ சொல்லிக் கொடுத்த 'வணக்கம்' பழகவில்லை. செருமலைப் பழகினார். படலை சத்தம் போட்டால் போதும். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. தொண்டையில் கொஞ்சம் சளி கட்டின மாதிரி அந்தக் கரகரப்பு உட்பட.

நாலு வருசத்துக்கு முன்பு அத்தான் வயலில் மயங்கி விழுந்து, அப்படியே போய்விட்டார். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு நான் விறாந்தையில் அவர்கள் இருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காற்றுக்குப் படலை ஆடியது. விதானையார் செருமினார்.

குசினிக்குள்ளிருந்து அக்கா அகப்பையோடு வெளியே வந்தார். நேரே படலைவரை போனார். கொஞ்ச நேரம் நின்றார்.

"காத்து" என்றார் என்னிடம். திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்தார்.

எங்களிடம் அத்தானின் குரல் வேறு எதிலும் இல்லை. தொலைபேசியில் படம்தான் இருந்தது. அதிலும் அவர் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்.

திறந்து பார்த்தவன்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இடம்பெயர்ந்துகொண்டே இருந்ததில் கொப்பிகளும் போயின, படிப்பும் போனது. ஆனால் பயப்படுவதில் மேற்படிப்புவரை போயிருக்கிறேன். மாங்குளத்தில் இருக்கும் என் பம்பு திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிச் சந்திவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வாய் தானாகவே கேட்கும்: "பூட்டினதோ?" பிறகு நானே எனக்குச் சொல்லுவேன்: "ஓம், பூட்டினது."

"உங்களுக்கு ரண்டு பேர் வேணும்" என்பாள் சுகந்தி. "ஒராள் பூட்ட, ஒராள் பயப்பட."

ஒரு மத்தியானம் அக்கா விழுந்துவிட்டார் என்று அயல்வீட்டுச் சின்னராசா அண்ணை போன் எடுத்தார். மழைத் தண்ணியில் வழுக்கினதாக அக்கா சொன்னார். வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றுதான்.

"தம்பி, விதானையாரைப் பாத்துக்கொள்."

நானும் சுகந்தியும் துணுக்காய் வீட்டுக்கே வந்து தங்கினோம். கோழிகள், ஆடு, விதானையார். சுகந்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவாள், மற்ற நாள் நான்.

கிளிக்கூட்டின் கதவுக்கு ஒரு கம்பிக் கொளுக்கிதான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கொளுக்கி தேய்ந்திருக்கிறதோ? கிளி சொண்டால் தட்டினால் விலகுமோ? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்க் கழற்றி, மறுபடி கொளுவி, ஆட்டிப் பார்ப்பேன்.

ஒப்பரேசன் நடந்த நாள் காலையும் கொளுக்கியைக் கழற்றினேன். சரியாக மாட்டுப்படுகிறதா என்று பார்க்கத்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சுகந்தி. ஓடிப்போய் எடுத்தேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம். மச்சாள் கண் முழிச்சிட்டா" என்றாள்.

பெரிய பாரம் ஒன்று இறங்கி, நான் சிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். கூட்டுக் கதவு திறந்து கிடந்தது.

விதானையார் வேலியோரப் பூவரசில் இருந்தார். கூப்பிட்டேன். மிளகாய்ப்பழம் காட்டினேன். ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். வயல் பக்கமிருந்து கிளிக்கூட்டம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டு மேலாகப் போனது. பூவரசிலிருந்து எழும்பி அதோடு போய்விட்டார். அவர் பறந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவ்வளவு நேராகப் பறந்தார்.

ஆயிரம் தடவை பூட்டைச் சோதித்த நான், சோதித்ததாலேயே அதைத் திறந்து விட்டேன்.

வெற்றிலை போட்ட வாய்

"மச்சாளுக்கு இப்பவே சொல்லிப்போடுங்கோ" என்றாள் சுகந்தி.

"ஒப்பரேசன் செய்த மனுசி. மனம் நோகாமப் பாத்துக்கொள்ளச் சொல்லியிருக்கினம். நீர் வாய் திறக்காதையும்."

"பொய்க்கு ஒரு கிளி வாங்கினா, அந்தக் கிளிக்குப் பிறகு பொய்தான் தீன் போடோணும்."

நான் கேட்கவில்லை. அடுத்த நாள் அக்காவைப் பார்த்துவிட்டு, வவுனியாவில் மீனும் குருவியும் விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். நீலக் கிளி இருந்தது, மஞ்சள் கிளி இருந்தது. பச்சை ஒன்றே ஒன்று, கடைசி மூலையில். வளையம் இருந்தது, சிவப்புச் சொண்டு இருந்தது. அது போதும்.

"நல்ல வெளிநாட்டு வம்சம் அண்ணை" என்றார் கடைக்காரர். விற்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். பெட்டிக்குள் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

துணுக்காயில் விறாந்தை வெளிச்சத்தில் கூட்டுக்குள் விட்டதும் சுகந்தி கிட்ட வந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இவர் ஏன் வெத்திலை போட்ட வாயோட இருக்கிறார்?"

அப்போதுதான் பார்த்தேன். மேற்சொண்டும் சிவப்பு, கீழ்ச்சொண்டும் சிவப்பு. விதானையாரின் கீழ்ச்சொண்டு எப்படி இருந்தது? தொலைபேசியில் இருந்த படத்தை விரலால் பெரிதாக்கினோம். மேலே சிவப்பு. கீழே கறுப்பு, அடுப்புக்கரி போல.

இன்னொன்றும் தெரிந்தது. இவர் கொஞ்சம் வாட்டசாட்டமான ஆள். விதானையார் முட்டாமல் திரும்பிய இடத்தில் இவருடைய வால் கம்பியில் உரசியது.

ஐம்பது வருசம் கிளிகளுக்கு நடுவில் இருந்திருக்கிறேன். உருத்திரபுரத்தில் அப்பாவின் வயலில் தகரம் அடித்துக் கிளி கலைத்தே வளர்ந்தவன். ஆனால் கலைக்கிறவனுக்குக் கிளியின் வால்தான் தெரியும். தோளில் சிவப்புத் திட்டோடு பெரிய கிளி ஒன்று இடைக்கிடை வரும், அது வேறு இனம் என்று தெரியும். மற்றதெல்லாம் எனக்குப் பச்சை. எந்தக் கிளியின் கீழ்ச்சொண்டையும் நான் நின்று பார்த்ததில்லை.

ஒரு இனம், நாலு கிளை

அடுத்த முறை வவுனியா போனபோது கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதாகத்தான் போனேன். அவர் பிளேன்ரீ வாங்கித் தந்து உட்கார வைத்துவிட்டார்.

"இனம் ஒண்டுதான் அண்ணை. அதுக்குள்ள நாலு கிளை இருக்கு. ரண்டு ஆபிரிக்காப் பக்கம். அதுகளுக்குச் சொண்டு சின்னன், நுனி கறுத்திருக்கும். மற்ற ரண்டும் ஆசியாப் பக்கம். வட இந்தியா, பாகிஸ்தான் பக்கத்துக் கிளி கொஞ்சம் பெரிசு. ரண்டு சொண்டும் சிவப்பு. தென்னிந்தியாவிலயும் எங்கட நாட்டிலயும் இருக்கிறதுக்குத்தான் கீழ்ச்சொண்டு கறுப்பு."

"அப்ப எங்கட கிளை ஒண்டைத் தாங்கோவன்."

அவர் சிரித்தார். "எங்கட கிளியைப் பிடிக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது, கூட்டில வைக்கவும் ஏலாது. சட்டம் அண்ணை. வனசீவராசி ஆக்கள் வந்தா என்னையும் சேத்துக் கூட்டுக்க போடுவாங்கள். இது கூட்டுக்கையே பிறந்து வளந்தது. ஏன் அண்ணை முகம் வெளிறுது? உங்கட வீட்டில இருக்கோ?"

"சீச்சீ, இல்லை."

உண்மையைத்தான் சொன்னேன். அந்த நேரம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அத்தனை வருசமும் சட்டத்துக்கு மாறாக ஒரு விதானையார் அங்கே இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய பயம் போதாதென்று புதிதாக ஒன்று. பஸ்ஸில் ஓமந்தை தாண்டும்வரை எனக்கு வேர்த்தது.

மாங்குளம் வரும்போது வேறொரு நினைவு வந்தது. அக்கா கலியாணம் முடித்துப் போன புதிதில், "நீங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், எல்லாத்துக்கும் கணக்குப் பாப்பியள்" என்று அங்கே பகிடி பண்ணுவார்களாம். "நீங்கள் வன்னி ஆக்கள், விருந்தாளி வந்தாப் போக விடமாட்டியள்" என்று அக்கா திருப்பிச் சொல்லுவாராம். முப்பது வருசத்தில் அந்தப் பகிடி எங்கே போனதென்று தெரியவில்லை. அக்காவே எங்களைச் சாப்பிடாமல் போக விடாதவராகிவிட்டார். எங்களுக்குள் இருந்த வித்தியாசமும் ஒரு கீழ்ச்சொண்டு அளவுதான் போலிருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொண்டு அளவில்தான் நான் பிடிபடப் போகிறேன்.

சட்டிக்கரி

இனி நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

சோற்றுப் பானையின் அடிக்கரியைச் சுரண்டி, தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். முடிக்குப் பூசுகிற மை ஏதாவது நஞ்சாக இருக்கும் என்று பயம், கரி சாப்பாட்டுச் சாமான் மாதிரி. தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, கிளியைத் துவாயால் பொத்திப் பிடித்து, கீழ்ச்சொண்டுக்குப் பூசினேன். முதல் நாள் அது என் பெருவிரலைக் கடித்தது. இரண்டாம் நாள் சுட்டுவிரல். மூன்றாம் நாள் அதற்கும் அலுத்துவிட்டது.

சுகந்தி குசினி வாசலில் நின்று பார்த்தாள். "பொட்டும் வைச்சு விடுங்கோ. நாள் பாத்து அனுப்புவம்."

அடுத்தது செருமல். அதைப் பழக்காமல் என்ன செய்தும் பிரயோசனமில்லை. காலையும் மாலையும் படலையை ஆட்டிவிட்டு ஓடிவந்து கூட்டுக்கு முன் நின்று செருமினேன். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. கிளி என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கும். தலையை ஒரு பக்கம் சரிக்கும். வாய் திறக்காது.

ஒரு கிழமையானதும் வேலிக்கு மேலால் சின்னராசா அண்ணை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, குறை நினையாதை. சளி சோதிச்சனியோ? மல்லாவியில கிளினிக் இருக்கு. ஆரம்பத்திலயே பாத்தா மாறிப்போகும்."

அன்றைக்குச் சுகந்தி கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தாள். "குடியுங்கோ. ஊர் நம்பினாப் போல, நீங்களும் நம்புங்கோ."

தினமும் பாடம் முடித்துத் தீன் வைத்துக் கொளுக்கியைப் போட்டுவிட்டு, இரண்டடி வந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். இப்போது அந்தக் கேள்வி முன்பைவிடப் பயமாகத்தான் வாயிலிருந்து வந்தது. ஒரு தடவை ஏமாந்தவன் அல்லவா. "பூட்டினதோ?"

பப்பாப்பழம்

திரும்பவும் படலைக்கு வருகிறேன்.

அக்கா வெளியே நின்றார். படலையின் சத்தம் அடங்கிவிட்டது. சுகந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளி தடியில் ஒரு பக்கமாக நகர்ந்து என்னைப் பார்த்தது. செருமடா, என்று மனதுக்குள் அதை மன்றாடினேன்.

அது செருமவில்லை. அதனால் நான் செருமினேன். வேண்டுமென்று செய்ததில்லை. இரண்டு கிழமைப் பழக்கம், படலைச் சத்தத்துக்குத் தொண்டை தானாக வந்துவிட்டது. இரண்டு சின்னது, ஒன்று பெரியது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தடிமனோ?"

"ஓம் அக்கா. கொஞ்சம் தடிமன், சளி."

அவர் வோக்கரை ஒவ்வோர் அடியாக வைத்து வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். கூட்டை இறக்கித் தரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"விரலுக்கென்ன?"

"பம்புக்க நசிஞ்சது."

சுகந்தி பப்பாப்பழம் வெட்டிக்கொண்டு வந்தாள். அக்கா ஒரு துண்டைக் கம்பிக்கு ஊடாக நீட்டினார். கிளி ஆசையாகக் கொத்தி, சொண்டைப் பழத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது.

மஞ்சள் பழத்தில் கறுப்பாக ஒரு கோடு.

அக்கா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். அதன் கீழ்ச்சொண்டில் பாதி சிவந்துவிட்டது.

"எப்ப போனது?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொளுக்கி, போன், பூவரசு, கரி எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அக்கா முந்தானை நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்தார். கூட்டுக்குள் கைவிட்டு, கடிபட்டுக்கொண்டே, அந்தக் கிளியின் சொண்டை மெல்லத் துடைத்தார்.

"இதென்ன பாவம் செய்தது" என்றார்.

பிறகு உள்ளே போய்ப் படுத்தார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் போட்டு வைக்கச் சொல்லுவார். சாப்பிடாமல் போக விடமாட்டார்.

வயல் பக்கம்

நாலாம் நாள் பின்னேரம் விறாந்தையிலிருந்து கூப்பிட்டார். கிளிகள் அடையப் போகும் நேரம். கூட்டம் கூட்டமாக வயலுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தன.

"நான் மழைத் தண்ணியில வழுக்கி விழேல்லை" என்றார்.

நான் அவர் காலடியில் குந்தினேன்.

"குசினிக்க இருந்தனான். படலை கேட்டது, செருமலும் கேட்டது. கெதியா எழும்பிப் போனன். படியைப் பாக்கேல்லை."

"அக்கா, அது கிளியெண்டு தெரியும்தானே?"

"ஏன் தெரியாது? நாலு வருசமாத் தெரியும். ஒவ்வொரு முறையும் தெரிஞ்சுதான் எழும்பினனான். படலைமட்டும் போய் நிண்டுபோட்டு வருவன். ஒரு நாளைக்கு அஞ்சு தரம், ஆறு தரம். காத்து நாளெண்டா கேக்கவே வேண்டாம்."

அவர் காலை நீட்டி, தகடு வைத்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில எழும்பாமப் படுத்திருந்தன். முதல் முதல் அங்கதான் எழும்பாமல் இருந்தது. வீட்ட வந்து படலையடியில நிண்டபோது என்ன நினைச்சனான் தெரியுமோ? இண்டைக்குச் செருமினா நான் என்ன செய்யிறது, இந்தக் காலோட எப்பிடி ஓடுறது எண்டு. செருமேல்லை. நீதான் செருமினாய்."

"கோவமோ அக்கா?"

"கோவம்தான். அந்தக் குரல் இனி இல்லை. அது உன்னால. ஆனா முழுக்கக் கோவப்படவும் தெரியேல்லை."

அந்தப் போகம் அக்காவின் வயலில் ஒரு மூலைக்கு மட்டும் வெடி கொளுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பாக்கியம் கிளியளுக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்திட்டா" என்று சின்னராசா அண்ணை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பின்னேரங்களில் அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு வரம்புத் தலைப்புவரை போய் நிற்பார். நான் போனால் நானும் கூட நிற்பேன். எல்லாக் கிளியின் கீழ்ச்சொண்டும் கறுப்பு. எது விதானையார் என்று எப்படிச் சொல்வது? காது கொடுத்துக் கேட்டோம். கீச்சுச் சத்தம்தான். செருமல் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"கூட்டத்தோட சேந்தா மறந்திடும்" என்றார் அக்கா ஒரு நாள். "மறக்கட்டும். உன்ர அத்தான் உடைச்ச வீட்டுக்கு அதுதான் கணக்கு."

என் குரல்

வெற்றிலை வாய்க்காரரைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். பெயர் வைக்கவில்லை. வவுனியாக்காரர் என்பார். வவுனியாக்காரர் ஒன்றும் கதைப்பதில்லை, நன்றாகச் சாப்பிடுவார்.

நாங்கள் மாங்குளத்துக்குத் திரும்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனால் கூட்டுக்குத் தீன் வைப்பேன், கொளுக்கியைப் போடுவேன், திரும்பி வந்து பார்ப்பேன், கேட்பேன். இது நாலைந்து மாதம் நடந்தது.

ஒரு ஞாயிறு புறப்பட்டுப் படலைக்கு வெளியே வந்து, மோட்டர்சைக்கிளை உதைக்கப் போனேன். படலை பின்னால் சாத்திக்கொண்டு நீளமாகச் சத்தம் போட்டது.

"பூட்டினதோ?"

நான் வாய் திறக்கவில்லை. அந்தக் குரல் விறாந்தையிலிருந்து வந்தது. என்னுடைய குரல். முதல் எழுத்தில் அவசரம், கடைசியில் ஒரு நடுக்கம். இவ்வளவு பயந்த குரலா எனக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஓம், பூட்டினது. நீ போயிட்டு வா" என்று குசினிக்குள்ளிருந்து அக்கா மறுமொழி சொன்னார்.

"பூட்டினதோ?" என்றது மறுபடி.

அக்கா பொல்லோடு வாசலுக்கு வந்தார். படலைக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அத்தான் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நல்லகாலமடா தம்பி" என்றார் மூச்சு வாங்கி. "உன்ர குரலுக்கு நான் எழும்பி ஓடத் தேவையில்லை. இருந்த இடத்தில இருந்தே மறுமொழி சொல்லலாம்."

இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். கொளுக்கியை இரண்டு தடவை பார்ப்பதை விட முடியவில்லை, கேட்பதையும் விட முடியவில்லை. ஆனால் நான் போன பிறகும் அந்த விறாந்தையில் யாரோ அதைக் கேட்டுக்கொண்டு இருக்கக்கூடும் என்று தெரிந்த பிறகு, கூட்டுக்கு முன் நின்று கேட்கும்போது மட்டும் கொஞ்சம் ஆறுதலாகக் கேட்கப் பார்க்கிறேன்.